தெருவுக்கும் நாடி பாருங்கள்!

போன மாதம் உங்கள் வீட்டில் மருந்து மாத்திரைக்கு எவ்வளவு செலவானது என்று கூட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் டைரியில் எழுதி வைக்கும் இல்லத்தரசிகள்கூட இந்தக் கணக்கை எழுதுவதில்லை. இந்த மாதம் எழுதிப் பாருங்கள். அதே தாளில் கொசுவத்திச் சுருள், கேன் தண்ணீர், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்கு மாற்றிய ஃபில்டர், காய்ச்சல் வந்த பிள்ளைக்காக அப்பா போட்ட இரண்டு நாள் லீவு எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் வரும் தொகைக்கு நான் ஒரு பெயர் வைத்திருக்கிறேன். 'தெரு வரி!' பேரூராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி வேறு, இது வேறு. தெரு கெட்டுக் கிடப்பதற்காக, வாயைத் திறக்காமல், ரசீதும் இல்லாமல் நாம் கட்டிக்கொண்டிருக்கும் வரி இது.

'சித்த வைத்தியர் கஷாயம், சூரணம் பற்றி எழுதுவார் என்று பார்த்தால் பேரூராட்சி, வரி என்று ஆரம்பித்துவிட்டாரே!' என்கிறீர்களா? கஷாயமும் வரும். ஆனால் அதற்கு முன்னால் கொடுக்க வேண்டிய மருந்து ஒன்று இருக்கிறது. அதை நான் காய்ச்சித் தர முடியாது. நீங்கள்தான் ஒரு வெள்ளைத் தாளில் எழுத வேண்டும். அதன் பெயர் மனு.

மருத நிலத்துக்குப் பெருமை தண்ணீரால்தான்

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில், மருந்துகளைப் போலவே நோய் வராமல் வாழும் வழியையும் ஒரு பாடமாகப் படித்தோம். சித்த மருத்துவம் மனிதனை மட்டும் தனியாக வைத்துப் பார்ப்பதில்லை. அவன் குடியிருக்கும் நிலத்தையும் சேர்த்தே பார்க்கிறது. குறிஞ்சி, முல்லை, நெய்தல், பாலை ஒவ்வொன்றிலும் இன்னின்ன நோய் வரும் என்று சொல்லும் பதார்த்த குண சிந்தாமணி, மருத நிலத்தை மட்டும் நோய் போக்கும் நிலம் என்று தூக்கி வைத்துப் பேசுகிறது. காரணம்? அங்கே நல்ல தண்ணீர் உண்டு!

நம்ம பேராவூரணி அந்த மருதத்தின் கடைசிப் படியில் இருக்கிற ஊர். கொஞ்சம் தள்ளிப் போனால் சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம்... கடல் வந்துவிடும். 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய்தான், நம் பெரியவர்கள் 'புது ஆறு' என்பார்களே அதுதான், காவிரித் தண்ணீரை இந்தக் கடைமடை வரைக்கும் கொண்டு வந்தது. கடைமடைக்காரனுக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் சும்மா இருந்ததில்லை. மறியல் செய்திருக்கிறோம், கலெக்டர் ஆபீஸ் வரை போயிருக்கிறோம்.

ஆனால் வீட்டுக் குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்தால் என்ன செய்கிறோம்? கேன் தண்ணீருக்குப் போன் போடுகிறோம்! சாக்கடை அடைத்துக்கொண்டால் ஜன்னலைச் சாத்துகிறோம். தெருவிளக்கு எரியாவிட்டால் வாசலில் நம் செலவில் ஒரு பல்பு மாட்டிக்கொள்கிறோம். வசதி இருக்கிறது, சமாளித்துவிடுகிறோம். கஷ்டம் அதில்தான் ஆரம்பிக்கிறது.

"எங்களுக்குத்தான் கேன் தண்ணியாச்சே!"

நான் முன்பு வைத்தியம் பார்த்த ஒரு டெல்டா ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு மாசி மாதம், ஒரே தெருவிலிருந்து அடுத்தடுத்து ஆறு பேர் மஞ்சள் காமாலையோடு வந்தார்கள். நாலாவது ஆள் வந்ததுமே, "உங்க தெருவில் இன்னும் யார் யாருக்கு இருக்கு, விசாரிச்சு எழுதிக்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். கீழாநெல்லியும் பத்தியமும் சொன்னேன். ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினேன்.

ஆறாவதாக வந்தவள் ஏழு மாதக் கர்ப்பிணி. தண்ணீர் மூலம் பரவும் காமாலையில் 'ஈ' வகை என்று ஒன்று உண்டு. மற்றவர்களை வாட்டிவிட்டுப் போய்விடும். கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மூன்று மாதங்களில், உயிருக்கே ஆபத்து. ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். அந்தப் பெண் பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை.

பிறகு தெருக்காரர்கள் எழுதிய பட்டியலைப் பார்த்தோம். ஆறு வீடும் ஒரு சிறு பாலத்துக்கு அந்தப் பக்கம். பாலத்துக்கு அடியில் சாக்கடைக்குள்ளேயே குடிநீர்க் குழாய் போகிறது. பட்டியலோடு போய் மனு கொடுத்தார்கள். ஆள் வந்து தோண்டிப் பார்த்தார். குழாய் இணைப்பில் விரிசல்!

அதே தெருவில் பாலத்தை ஒட்டிய மாடிவீட்டு அம்மா சொன்னதுதான் இன்னும் என் காதில் நிற்கிறது. "குழாய்த் தண்ணியில மூணு வாரமா நாத்தம் அடிச்சுது ஐயா. எங்களுக்குத்தான் கேன் தண்ணியாச்சேன்னு பாத்திரம் கழுவ மட்டும் வச்சுக்கிட்டோம். யார்ட்டயும் சொல்லலை."

அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்... அந்தத் தெருவில் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்த வீடு, ஆபீசுக்குப் போய்ப் பேசத் தெரிந்த வீடு எதுவோ, அந்த வீடு காசு கொடுத்து வெளியே வந்துவிட்டது. குழாய்த் தண்ணீரையே நம்பியிருந்த வீட்டுக்கு மனு எழுதத் தெரியவில்லை. தெருவுக்கு வாய் இல்லாமல் போய்விட்டது. மூன்று வாரம் முன்னால் ஒரு தாள் எழுதப்பட்டிருந்தால்..?

எந்த நோய்க்கு எந்த மனு?

உங்கள் வீட்டு நோய்க்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு சின்ன அட்டவணை போட்டுக்கொள்வோம்.

வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை: குடிநீர்க் குழாயைப் பாருங்கள். நம் ஊர்களில் நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் இருப்பதில்லை. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகி, உள்ளே உறிஞ்சும் சக்தி உண்டாகும். விரிசல் எங்கே இருந்தாலும், பக்கத்தில் நிற்கும் சாக்கடைத் தண்ணீரை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். யாராவது குழாயில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இந்த இழுப்பு இன்னும் அதிகம். மறுநாள் முதலில் வரும் குடம் இந்தக் கலவைதான்!

யானைக்கால்: தேங்கிய சாக்கடை. கும்பகோணம் என்றாலே ஒரு காலத்தில் இந்த நோயைச் சொல்லிக் கேலி பேசுவார்கள். அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கு அழுக்குத் தண்ணீர்தான் பிறந்த வீடு. ராத்திரியில் கடிக்கும்.

டெங்கு, சிக்குன்குனியா: இதற்குச் சாக்கடையைத் திட்டிப் பயனில்லை. ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். இதில் பாதி மனுவை நாம் நமக்கே எழுதிக்கொள்ள வேண்டும். பின்னால் சொல்கிறேன்.

இழுப்பு, ஓயாத இருமல்: தெருமுனையில் எரிக்கும் குப்பை. அதில் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து எரிந்தால் கேட்கவே வேண்டாம். வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால், இருமல் வரும் நாளையும் புகை வரும் நாளையும் காலண்டரில் குறித்துப் பாருங்கள்.

நாய்க்கடி, பாம்புக்கடி, தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவு: தெருநாய், புதர், எரியாத தெருவிளக்கு. நாய் கடித்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தடுப்பூசியைத் தவணை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்... வெறிநாய்க்கடிக்குப் பச்சிலை, மந்திரம் என்று ஒரு மணி நேரம்கூட வீணாக்கக் கூடாது.

கணக்கோடு போனார், கைப்பிடி கழன்றது

மனு கொடுத்து நோய் நிற்குமா என்று கேட்பவர்களுக்காக ஒரு பழைய கதை. 1854 ஆகஸ்ட் கடைசி. லண்டன் நகரத்தில் சோஹோ என்ற பகுதியில் காலரா வந்தது. பத்தே நாளில் 500 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் நம்பிய காலம் அது.

ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் மட்டும் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். செத்தவர்கள் எந்தெந்த வீடு, எந்தப் பம்பில் தண்ணீர் பிடித்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார். எல்லாம் பிராட் தெருப் பம்பைச் சுற்றியே இருந்தது. அதே தெருவில் இருந்த மது ஆலைத் தொழிலாளர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிப்பதே இல்லை!

செப்டம்பர் 7-ஆம் தேதி சாயங்காலம் அந்த வட்டாரத்து உள்ளாட்சிக் குழு கூடியிருந்தது. ஸ்னோ அங்கே போய்த் தன் கணக்கை எடுத்து வைத்தார். அவர்களுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் மறுநாளே பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். அதற்குள் நோய் தணிய ஆரம்பித்திருந்தது என்பதை ஸ்னோவே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனாலும் பிற்பாடு தோண்டிப் பார்த்தபோது, கிணற்றை ஒட்டியிருந்த ஒரு வீட்டுக் கழிவுக்குழி இடிந்து, கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது தெரியவந்தது.

இந்தக் கதையில் நமக்கு வேண்டியது இதுதான். ஸ்னோ உள்ளாட்சிக் குழுவுக்குக் கோபத்தைக் கொண்டு போகவில்லை. கணக்கைக் கொண்டு போனார்.

"பணம் இல்லை" என்றால்?

"ஐயா, பேரூராட்சியில ஃபண்டு இல்லைன்னு சொல்லிட்டா என்ன பண்றது?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இதற்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்று ஒரு நகரம். அங்கே ஒரு வார்டு மக்கள் திறந்த சாக்கடை, கழிப்பறை இல்லாத அவலம், மதுபான ஆலைக் கழிவு, கொசு என்று நகராட்சியிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். நடக்கவில்லை. கோட்ட நிர்வாக நடுவரிடம் போனார்கள். அவர் நகராட்சிக்கு உத்தரவு போட்டார். நகராட்சி விடவில்லை. எங்களிடம் பணம் இல்லை என்று சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது!

1980 ஜூலையில் நீதிபதிகள் வி.ஆர். கிருஷ்ணய்யரும் ஓ. சின்னப்ப ரெட்டியும் தீர்ப்புச் சொன்னார்கள். மக்களின் சுகாதாரத்தைக் காப்பது நகராட்சியின் கடமை, பணம் இல்லை என்று சொல்லி அதிலிருந்து நழுவ முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அன்றைக்கு அந்த மக்கள் பயன்படுத்திய சட்டப் பிரிவு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 152-ஆவது பிரிவு. நம் தாலுகாவுக்கு அந்த அதிகாரம் உள்ளவர் பட்டுக்கோட்டையில் இருக்கும் கோட்டாட்சியர்.

உடனே எல்லோரும் கோர்ட்டுக்கு ஓடுங்கள் என்று சொல்ல வரவில்லை. சாதாரணக் காய்ச்சலுக்கு யாரும் ஆபரேஷன் செய்வதில்லையே! ஆனால் மனுவுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது என்று தெரிந்தால் பேசும்போது குரல் நடுங்காது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டது. குடிநீர், துப்புரவு, பொதுச் சுகாதாரம், தெருவிளக்கு எல்லாம் அதில் உண்டு. அதற்கும் முன்னாலேயே, 1939-ல், சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. உடல்நலத்துக்குக் கேடான குட்டை, சாக்கடை பற்றிச் சுகாதார அலுவலரிடம் பாதிக்கப்பட்டவர் புகார் சொல்ல அதிலேயே வழி இருக்கிறது.

மனு எழுதுவது எப்படி?

நோயாளி ஒருவர் வந்து, "உடம்பே சரியில்லைங்க ஐயா" என்று மட்டும் சொன்னால் நான் என்ன மருந்து கொடுப்பது? எங்கே வலி, எத்தனை நாளாக, எந்த வேளையில் அதிகம் என்று கேட்பேன். நாடி, நாக்கு, கண், நிறம் என்று எட்டு வகையாகப் பார்த்த பிறகுதான் மருந்து. ஆனால் ஆபீசுக்குப் போகும்போது நாம் என்ன எழுதுகிறோம்? 'எங்கள் பகுதியில் அடிப்படை வசதிகள் இல்லை, ஆவன செய்யவும்!' இதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரி எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புவார்?

1. ஒரு மனுவில் ஒரு குறை போதும். குடிநீரையும் தெருவிளக்கையும் ஒரே தாளில் எழுதினால், இரண்டு பிரிவுக்கும் நடுவில் தாள் தொங்கும்.

2. இடம் துல்லியமாக வேண்டும். வார்டு எண், தெரு, எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே. தெருவிளக்கு என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்.

3. எந்தத் தேதியிலிருந்து, எந்த நேரத்தில்? 'ரொம்ப நாளாக' என்று எழுதாதீர்கள்.

4. உடம்பில் என்ன பாதிப்பு? எத்தனை வீட்டில், எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் நோய் வந்தது. நோயாளியின் பெயரை அவர் சம்மதம் இல்லாமல் எழுத வேண்டாம். எண்ணிக்கை போதும்.

5. என்ன செய்ய வேண்டும்? 'ஆவன செய்க' வேண்டாம். 'குழாய் இணைப்பைத் தோண்டிப் பார்த்துச் சரி செய்யவும், குளோரின் அளவைச் சோதிக்கவும்' என்று எழுதுங்கள்.

மாதிரிக்கு ஒன்று:

பெறுநர்: செயல் அலுவலர் அவர்கள், ............ பேரூராட்சி.
பொருள்: ...... வார்டு, ............ தெருவில் குடிநீர்க் குழாய்க் கசிவைச் சரி செய்யக் கோருதல்.
ஐயா / அம்மா,
எங்கள் தெருவில் கதவு எண் ...... எதிரே உள்ள சிறு பாலத்தின் அடியில், ...... தேதி முதல் குடிநீர்க் குழாய் கசிகிறது. காலையில் முதல் 10 நிமிடம் தண்ணீர் கலங்கலாகவும் நாற்றத்துடனும் வருகிறது. ...... முதல் ...... தேதிக்குள் ...... வீடுகளில் ...... பேருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டுள்ளது. இதில் குழந்தைகள் ...... பேர். இணைப்பைச் சரி செய்து, தெருக் கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் சோதனை செய்து தர வேண்டுகிறோம். அதுவரை மாற்றுக் குடிநீர் வழங்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

அவ்வளவுதான். ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். கையெழுத்து ஒரு வீட்டோடது மட்டும் இருந்தால் போதாது. தெருவில் பத்து வீடு போடட்டும். அதில் குழாய்த் தண்ணீரையே நம்பியிருக்கும் வீடுகள் முதலில் இருக்கட்டும். எழுதத் தெரிந்த வீடு எழுதிக் கொடுக்கட்டும்.

குளோரின் விஷயத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன். தொட்டியில் மருந்து கலந்தால் மட்டும் போதாது. கடைசிக் குழாயில் வரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும். சிறு குப்பியில் தண்ணீர் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். இதைச் சோதிக்கும் பெட்டி சுகாதார ஆய்வாளரிடம் இருக்கும். உங்கள் கண் முன்னால் சோதித்துக் காட்டச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். தப்பில்லை.

ஒரு வேளை மருந்தில் தீராவிட்டால்...

மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ரசீது பத்திரம்! நகலை வார்டு உறுப்பினரிடமும் கொடுங்கள். மன்றத்தில் உறுப்பினர்கள் இல்லாத காலமும் வருவதுண்டு. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளைத் தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நம் தென்னைகளை எல்லாம் சாய்த்தபோதும் நமக்கு வார்டு உறுப்பினர் கிடையாது. அப்போதும் செயல் அலுவலர் இருந்தார், அவர் மேஜையில் மனு இருந்தது. ஆகையால் முகவரி எப்போதும் செயல் அலுவலருக்கே இருக்கட்டும்.

ஏழு நாள் பாருங்கள். போய் விசாரியுங்கள். பதினைந்து நாளாகியும் ஒன்றும் நடக்கவில்லையா? நகலோடு அடுத்த படிக்குப் போகலாம். பேரூராட்சிகளின் உதவி இயக்குநர், தஞ்சாவூரில் திங்கட்கிழமை கலெக்டர் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் நாள், 2021-ல் தொடங்கிய 1100 முதலமைச்சர் உதவி எண் என்று வழிகள் உண்டு. 2023 டிசம்பரில் 'மக்களுடன் முதல்வர்', 2025 ஜூலையில் 'உங்களுடன் ஸ்டாலின்' என்று முகாம்கள் தொடங்கின. முகாமின் பெயர் காலத்துக்குக் காலம் மாறும். உங்கள் நகலில் உள்ள தேதி மாறாது! கிராமத்துக்குக் கிராம சபை போல, 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. உங்கள் பகுதியில் கூட்டினால் வீட்டுக்கு ஒருவர், முக்கியமாகப் பெண்கள், போய் உட்காருங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 'இன்ன தேதியில் கொடுத்த மனு மீது என்ன நடவடிக்கை?' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆபீசில் சத்தம் போடாதீர்கள். அடைப்பு எடுக்க வரும் தூய்மைப் பணியாளரை அதிகாரம் பண்ணாதீர்கள். நம் வீட்டுக் கழிவைத்தான் அவர் அள்ளுகிறார். ஒரு டம்ளர் மோர் கொடுத்தால் குறைந்து போய்விட மாட்டோம்.

நம் பங்குக்கு

மனு கொடுத்த கையோடு கொல்லைப்பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். நம்ம ஊர் தென்னை ஊர். கொட்டாங்கச்சி, இளநீர்க் கூடு, கழித்துப் போட்ட டயர், பழைய ஆட்டுக்கல், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, மூடாத தொட்டி... இத்தனையும் டெங்குக் கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி! முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒரு நாள் எல்லாவற்றையும் கவிழ்த்து, தொட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டால் போதும். இந்தக் கொசு அதிக தூரம் பறக்காது. உங்கள் பிள்ளையைக் கடிப்பது அநேகமாக உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததுதான். குழாயில் நேரடி மோட்டார் இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். மட்கும் குப்பையை மட்காத குப்பையோடு கலக்காதீர்கள்.

ஊர் கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் வெளியூர் போக வேண்டாம். கஜாவுக்குப் பிறகு, 2019-ல், நம் கடைமடை இளைஞர்கள் 'கைஃபா' என்று ஒரு சங்கமாகச் சேர்ந்து பேராவூரணி பெரியகுளத்தைத் தூர்வாரும் வேலையில் இறங்கினார்களே! 500 ஏக்கருக்கு மேல் பரந்த குளத்தில் கை வைத்த ஊருக்கு, தெருமுனைச் சாக்கடை ஒரு பெரிய விஷயமா?

அதுவரை வீட்டு வைத்தியம்

குழாய் சரியாகும் வரை தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். தேற்றான்கொட்டை உரசிப் போட்டால் கலங்கல் தெளியும், ஆனால் கிருமி சாகாது. தெளிந்த பிறகும் காய்ச்சத்தான் வேண்டும்.

வயிற்றுப்போக்கு கண்டால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆற்றிய தண்ணீரில் தலை தட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழந்தைக்குக் கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, துவண்டு படுத்தாலோ வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

காய்ச்சலுக்கு நிலவேம்புக் குடிநீர் கொடுக்கிறோம். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு சேர்ந்தது. கடையில் நிலவேம்பை மட்டும் வாங்கிக் காய்ச்சினால் அது நிலவேம்புக் குடிநீர் ஆகாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். டெங்கு காய்ச்சல் இறங்கும் நாளில்தான் அதிகக் கவனம் வேண்டும். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், மயக்கம் இதில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கஷாயம் குடித்தவருக்கு மட்டும்தான் குணம். சரி செய்த குழாய் தெருவுக்கே குணம். அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், காபி குடித்த கையோடு, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் போதும். எங்கே கசிகிறது, எங்கே தேங்குகிறது, எந்தக் கம்பத்தில் விளக்கு இல்லை, எந்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மனு ரெடி!

கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். ஏழாம் நாள் போய் விசாரியுங்கள். எந்த மருந்தையும் ஒரு வேளையோடு நிறுத்தக் கூடாது அல்லவா?